கொசுறு ஊற்றாத கடை

பெரியவர் எலியோதோரோ இன்றைக்கும் ஆட்டுத்தலைக் கடைகள் வழியாகத்தான் போனார்.

கோட்டு, கழுத்துப் பட்டை, முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் ஷூ, தலையில் சாம்பல் நிறத் தொப்பி. நீதிமன்றத்தின் தலைமை எழுத்தர். அப்படிப்பட்ட மனிதர் ரத்தத் தண்ணீர் ஓடுகிற அந்தச் சந்தில் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டித் தாண்டிப் போகிறார் என்றால் ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். பழச்சாற்று வரிசையின் நடுவில் உட்கார்ந்திருக்கும் சொராய்தாவின் கண்ணில் படக்கூடாது.

பட்டுவிட்டார். சொராய்தா உட்கார்ந்திருந்த மேடை உயரமானது. பப்பாளிக் கோபுரத்துக்கும் அன்னாசிக் கோபுரத்துக்கும் இடையிலிருந்து பார்த்தால், பாலாடைக்கட்டிக் கடைகளுக்கு அப்பால் சாம்பல் தொப்பி ஒன்று மிதந்து போவது நன்றாகத் தெரிந்தது. தொப்பி வரிசையின் கடைசி வரை போனது. பால்பினாவின் கடைக்கு நேராக வந்ததும் கீழே இறங்கியது. உட்கார்ந்துவிட்டார்.

சொராய்தா துடைத்த ஆரஞ்சையே மறுபடி துடைத்தாள்.

அரெகிப்பா நகரத்தின் அந்தச் சந்தையில் பழச்சாறு போடும் பெண்கள் எல்லோரும் ஒரே பழத்தை, ஒரே லாரியிலிருந்து இறக்கி, ஒரே மாதிரி மிக்ஸியில் அடித்து, ஒரே விலைக்கு விற்கிறார்கள். அப்புறம் ஏன் ஒருவர் இந்தக் கடைக்குப் போகிறார், அந்தக் கடைக்குப் போவதில்லை? அவருக்கு அங்கே ஒரு காசேரா இருக்கிறாள், அதனால். விற்பவள் அவருக்குக் காசேரா, வாங்குகிறவர் அவளுக்குக் காசேரோ. ஒருதடவை அப்படிக் கூப்பிட்டுக்கொண்டால் ஆயுசுக்கும் அதுதான். பெண்டாட்டியை ஏமாற்றியவன் ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன்வரிசையில் உட்கார்ந்து பாடலாம். காசேராவை ஏமாற்றியவனுக்கு ஆட்டுத்தலைச் சந்துதான் கதி.

இதில் சொராய்தாவின் கடை மட்டும் ஏன் ஊரெல்லாம் பேசப்பட்டது என்றால், கொசுறு. தம்ளரில் ஊற்றியது போக ஜாரில் மிச்சம் இருப்பதைத் தம்ளர் காலியானதும் ஊற்றுவது எல்லாக் கடையிலும் வழக்கம்தான். சொராய்தாவின் ஜாரில் மிச்சம் என்பது தீரவே தீராது. முதல் கொசுறு, இரண்டாவது கொசுறு, எழுந்திருக்கப் போகும் நேரத்தில் "அட, உக்காருங்க காசேரோ" என்று மூன்றாவது. காசு கொடுத்தது ஒரு தம்ளருக்கு, வயிற்றில் போனது நாலு. வங்கிக் காவலாளி அன்செல்மோ மூன்றாவது கொசுறுக்கு முன்னால் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு ஒரு பெருமூச்சு விடுவான். அது திருப்தியின் பெருமூச்சு என்று சொராய்தா யாரிடமும் கேட்காமலே முடிவு செய்திருந்தாள்.

கொசுறை யாரும் மறுப்பதில்லை. ஜார் வரும்போது தம்ளர் வாயில் உள்ளங்கையை வைத்தால் 'இனி உன் கடைக்கு வரமாட்டேன்' என்று அர்த்தம். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை லீமாவுக்கே குடிபோகிற அன்றைக்கு அப்படி வைத்தாள். சொராய்தா ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஆசிரியையும் அழுதாள். வரிசையே மிக்ஸியை நிறுத்திவிட்டு அழுதது.

இந்த எலியோதோரோ உள்ளங்கைகூட வைக்கவில்லை. சும்மா வராமல் நின்றுவிட்டார். அவர் சாதாரண வாடிக்கை இல்லை. சொராய்தா கடை எடுத்த முதல் நாள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது வந்து உட்கார்ந்த முதல் ஆள். அவர் உட்கார்ந்த பிறகுதான் குமாஸ்தாக்கள் உட்கார்ந்தார்கள். குமாஸ்தாக்களைப் பார்த்து வக்கீல்கள். வக்கீல்களைத் துரத்திக்கொண்டு கட்சிக்காரர்கள். அவர் இல்லாத பெஞ்சில் அவருடைய மூலை பல் விழுந்த இடம் மாதிரி இருந்தது. சொராய்தாவின் பார்வை நாக்கு மாதிரி அங்கேயே போய்ப் போய் வந்தது. போதாக்குறைக்குக் குமாஸ்தாக்களும் நெளிய ஆரம்பித்திருந்தார்கள். பெரியவரே போய்விட்ட கடையில் என்னமோ இருக்கிறது என்று.

"பேதியாகியிருக்கும்," என்றாள் பக்கத்துக் கடைக்காரி, சொராய்தாவின் காதில் விழவேண்டும் என்றே. "பழம் அழுகலா இருந்தா வேற என்ன ஆகும்?"

"உன் வாய் அழுகாம இருந்தா சரி!" என்று சொராய்தா ஆரஞ்சை வைத்தாள், எடுத்தாள், வேறு இடத்தில் வைத்தாள்.

அன்று மாலை அவளுடைய தங்கை மகன் யெர்சன் வந்தான். வாரக்கடைசி வகுப்பு ஒன்றுக்குப் போய் 'வாடிக்கையாளர் அனுபவ வல்லுநர்' என்று பட்டம் வாங்கியிருந்தான். பட்டத்தின் ஓரங்களில் தங்கக் காகிதம் ஒட்டியிருந்தது. அதைக் கண்ணாடி போட்டுக் கையோடு கொண்டுவந்தான்.

"பெரியம்மா, முதல்ல உங்க வாடிக்கையாளரோட பயணத்தை நாம வரையணும்."

"என்னடா பயணம்? கோர்ட்டுலேர்ந்து இங்க ரெண்டு தெரு."

"அது இல்ல பெரியம்மா. மனசளவுல அவரோட பயணம்."

"மனசளவுல அவர் பால்பினா கடையில இருக்கார். அதை வரையறதுக்கு உனக்குப் பட்டம் எதுக்கு?"

யெர்சன் சிரித்தான். வாடிக்கையாளர் திட்டும்போது சிரிக்க வேண்டும் என்பது இரண்டாவது பாடத்தில் வந்தது. பிறகு விரல் மடக்கி ஆரம்பித்தான். தொடர்பு, கனிவு, வியப்பு. வாடிக்கையாளர் எதிர்பார்ப்பதைக் கொடுப்பவன் வியாபாரி, எதிர்பார்க்காததைக் கொடுப்பவன் தலைவன். சொராய்தாவுக்குப் பாதி புரியவில்லை. தூக்கம் வராத பெண்ணுக்குப் புரியாததில்தான் நம்பிக்கை அதிகம் வரும். சரி என்றாள்.

மறுநாள் முதல் சொராய்தாவின் கடையில் உட்கார்ந்தவுடன் சூடான ஈரத்துண்டு கொடுக்கப்பட்டது. பெஞ்சில் மெத்தை போட்டாயிற்று. மேடையில் ஒரு மணி. ஆள் வந்தால் அடிக்க வேண்டும், போனாலும் அடிக்க வேண்டும். எழுந்து போகிறவர்கள் கை வைத்துக் காட்டுவதற்குச் சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம் என்று மூன்று அட்டை. கட்சிக்காரர் ஒருவர் வழக்கில் தோற்ற துக்கத்தில் அழுகிற முகத்தைத் தொட்டுவிட்டார். சொராய்தா அவரைத் துரத்திக்கொண்டு கோர்ட் வாசல் வரை போனாள். "பப்பாளியில குத்தமா? சொல்லுங்க, பப்பாளியிலயா?"

யெர்சன் சொன்ன ஒன்றுக்கு மட்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கொசுறை அளந்து ஊற்ற வேண்டும் என்றான்.

"உன் வாய்க்குச் சோப்புப் போட்டுக் கழுவணும்," என்றாள். கொசுறு அன்றிலிருந்து நாலாயிற்று.

எலியோதோரோவுக்குத் தனி ஏற்பாடு. அவர் பெயரைப் பொறித்த கண்ணாடித் தம்ளர் ஒன்று செய்யச் சொன்னாள். சாதாரணத் தம்ளர் மாதிரி இரண்டு பங்கு கொள்ளும். அதை எல்லாப் பழத்துக்கும் மேலே, சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். கோர்ட் சேவகனிடம் சொல்லியனுப்பினாள்: "உங்க தம்ளர் காத்துக்கிட்டிருக்கு, கறுப்பு பியரும் ரெண்டு முட்டையும் போட்டு அடிச்ச எஸ்பெசியால் ஜூஸ், கொசுறுக்குக் கணக்கே கிடையாதுன்னு சொல்லு."

சேவகன் திரும்பி வந்து, "சொன்னேன். முகம் வெளுத்துப்போச்சு," என்றான்.

"சந்தோஷத்துலயா?"

"தெரியல. கதவைச் சாத்திக்கிட்டார்."

இதற்குள் வரிசை சும்மா இருக்குமா? சொராய்தா துண்டு கொடுத்தால் அடுத்தவள் வாசனைத் துண்டு கொடுத்தாள். அதற்கடுத்தவள் அன்றைய ராசிபலன் வாசித்தாள். ஒருத்தி வருகிறவர்களின் ஷூவைத் துடைக்க ஆள் போட்டாள். எட்டுக் கடை மணிகள் ஒரே நேரத்தில் அடிக்கத் தொடங்கியதில் வழக்குக் கட்டுகளோடு ஓடி வருகிற குமாஸ்தாக்கள், தேவாலயத்துக்குள் வந்துவிட்டோமோ என்று தொப்பியைக் கழற்றினார்கள். சந்தைச் சங்கத் தலைவர் வந்து, சேவையில் இந்த நகரம் உலகத்துக்கே பாடம் எடுக்கிறது என்று பேசிவிட்டு, எல்லாக் கடையிலும் ஒரு தம்ளர் குடித்துவிட்டு, எந்தக் கடையிலும் காசு கொடுக்காமல் போனார்.

பால்பினா மட்டும் ஒன்றும் செய்யவில்லை. அவள் கடை வரிசையின் வால். ஆட்டுத்தலை வாசனை நேராக அங்கேதான் வரும். மணி இல்லை, மெத்தை இல்லை, பெஞ்சின் ஒரு கால் ஆடும். கொசுறு என்று கேட்டால் ஜாரைத் தலைகீழாகப் பிடித்து நாலு சொட்டு உதறுவாள். அப்படிப்பட்ட கடைக்குத்தான் சாம்பல் தொப்பி தினமும் மிதந்து போயிற்று.

யெர்சனிடம் ஒரு விளக்கம் இருந்தது. "இது ஒரு புது உத்தி பெரியம்மா. சேவையே இல்லாத சேவை. அவங்க ரொம்ப முன்னாடி போயிட்டாங்க."

சொராய்தா மணியைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தாள். "கடையைப் பாத்துக்க." ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் இறங்கினாள்.

ஒரு பழச்சாற்றுக்காரி இன்னொருத்தியின் கடையை நோக்கி நடந்து போனால் சண்டைதான் என்று வரிசைக்குத் தெரியும். மிக்ஸிகள் ஒவ்வொன்றாக நின்றன. சொராய்தா சண்டை போடவில்லை. ஆடுகிற பெஞ்சில், எலியோதோரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்த சின்னத் தம்ளர் பாதி வழியில் நின்றுவிட்டது.

பால்பினா தலையைத் தூக்கினாள். "என்ன, வழி தப்பிட்டியா?"

"ஒரு பப்பாளி ஜூஸ் குடு."

"யாருக்கு?"

"எனக்குத்தான். காசு குடுத்துக் குடிக்க வந்திருக்கேன். ஆள் வந்தா சிரிக்க மாட்டியா நீ?"

"பல்லு வலி," என்று சொல்லிவிட்டு பால்பினா பப்பாளியை நறுக்கினாள். நாலு துண்டு போடவேண்டிய இடத்தில் இரண்டரை போட்டாள். சொராய்தாவுக்குக் கை துடித்தது.

எலியோதோரோ தொண்டையைச் செருமினார். "காசேரா, இது குறித்து நான் ஒரு விளக்கம் தாக்கல் பண்ணணும்."

"பண்ணுங்க. நாலு கொசுறு ஊத்தற எடத்தை விட்டுட்டு நாலு சொட்டு உதறற எடத்துல வந்து உக்காந்திருக்கீங்களே, அதுக்கு என்ன விளக்கம்னு கேட்டுட்டுப் போறேன். பழம் அழுகலா? நான் மரியாதை இல்லாம பேசினேனா? என் மூஞ்சி பிடிக்கலையா?"

"மேற்படி குற்றச்சாட்டு எதுவும் இல்ல." அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தொப்பி இல்லாமல் அவர் தலைமை எழுத்தராகத் தெரியவில்லை. தூக்கம் கெட்ட ஒரு கிழவராகத்தான் தெரிந்தார். "எனக்கு ரத்தத்துல சர்க்கரை இருக்கறதா டாக்டர் தீர்ப்பு சொல்லிட்டார். மேல்முறையீட்டுக்கு வழியில்ல."

சொராய்தா பெஞ்சில் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இதை எங்கிட்ட சொல்றதுக்கென்ன? சீனி போடாம குடுத்திருப்பேனே!"

"ஜூஸ் பிரச்சினை இல்ல. சின்னத் தம்ளர் ஒண்ணு குடிக்கலாம்னு அனுமதி இருக்கு. பிரச்சினை வந்து..." அவர் பார்வை பால்பினாவின் ஜாருக்குப் போனது, அங்கிருந்து ஆட்டுத்தலைகளுக்குப் போனது.

"கொசுறா?"

"கொசுறுதான்."

"வேணாம்னு சொல்ல வாய் இல்லையா?"

"நீங்களே சொல்லுங்க காசேரா. உங்க கை ஜாரோட வர்றப்ப உள்ளங்கையை வெச்சிட்டு அப்புறமும் உங்க கடைக்கு வந்த ஆள் ஒருத்தராவது இருக்காங்களா? நான் கனவுல வெச்சுப் பாத்தேன். நீங்க அழுதீங்க. வரிசையே அழுதுது. எந்திரிச்சு உக்காந்துட்டேன்." அவர் குரலை இறக்கினார். "ஜூஸையே விட்டுடலாம்னும் பாத்தேன். முடியல. காலையில ஒரு பெஞ்சுல உக்காந்து ஒரு தம்ளரைக் கையில பிடிக்கலன்னா எனக்குப் பொழுது விடிய மாட்டேங்குது. நீங்க அந்தப் பெரிய தம்ளரைப் பத்திச் சொல்லியனுப்பினீங்க பாருங்க, அன்னிக்கு லீவு போட்டுட்டேன்."

பால்பினா தம்ளரைத் தட்டென்று வைத்தாள். "இங்க அந்தக் கஷ்டமே இல்ல. நான் ஊத்தினாத்தானே அவர் தடுக்கணும்?"

சொராய்தா அந்த ஜூஸை மடமடவென்று குடித்தாள். தண்ணியாக இருந்தது, புளித்தது. குடித்து முடித்ததும், எதை நினைத்துக்கொண்டிருந்தாளோ, காலித் தம்ளரை நீட்டினாள்.

"என்ன நீட்டற?" என்றாள் பால்பினா.

சொராய்தா தம்ளரைப் பார்த்தாள். வெடுக்கென்று கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "நாளைக்கு வாங்க காசேரோ. பெரிய வழியா வாங்க, இந்தச் சந்து வழியா வராதீங்க. சின்னத் தம்ளர். ஒரு சொட்டு கொசுறு கிடையாது. சத்தியம்."

சத்தியம் செய்வது சுலபம். இரவெல்லாம் அவளுடைய வலது கை ஜாரைத் தேடியது.

காலையில் துண்டும் மெத்தையும் மூன்று முகங்களும் கடைக்குப் பின்னால் பழத்தோல் கூடையில் கிடந்தன. பெயர் பொறித்த தம்ளரில் வெந்தயக்கீரை மாதிரி ஏதோ ஒரு கீரைக்கட்டைச் செருகி வைத்திருந்தாள். யெர்சன் ஓர் ஓரமாக நின்று, "இது பின்னடைவு பெரியம்மா," என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

சாம்பல் தொப்பி பெரிய வழியாகவே வந்தது. எட்டுக் கடைப் பெண்களும் "காசேரோ!" என்று கத்துவதற்குத் திறந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார்கள். எலியோதோரோ தன் மூலையில் உட்கார்ந்தார். சொராய்தா வெள்ளரிக்காய், செலரித் தண்டு, பேருக்கு ஒரு கீற்று அன்னாசி போட்டு அடித்தாள். சின்னத் தம்ளரில் ஊற்றினாள். ஜாரில் ஒரு சொட்டுக்கூட மிஞ்சாத மாதிரி அளந்திருந்தாள். தன்னை நம்பாமல் ஜாரை உடனே கழுவிக் கவிழ்த்தாள். பிறகு ஆரஞ்சைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அவர் குடித்தார். தம்ளரை வைத்தார். எழுந்திருக்கவில்லை.

பக்கத்துக் கடை மிக்ஸி நின்றது. அதற்கடுத்ததும் நின்றது.

"ஊத்தலையே," என்றது ஒரு குரல்.

"சொராய்தா கொசுறு ஊத்தலையா? என்ன பண்ணினார் அந்த மனுஷன்?"

"ஏதோ பெருசா பண்ணியிருக்கார். இல்லன்னா இவ ஊத்தாம இருப்பாளா?"

எலியோதோரோவின் காது சிவந்தது. சொராய்தாவின் கையில் ஆரஞ்சு நசுங்கியது. பெஞ்சின் மறுமூலையில் இருந்த குமாஸ்தா, தன் அதிகாரி எதையோ திருடிவிட்டார் என்பது போலக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

"காசேரா," என்றார் எலியோதோரோ, உதடு அசையாமல். "எல்லாரும் பாக்கறாங்க."

"டாக்டர்?"

"டாக்டர் இங்க இல்ல. இவங்க இருக்காங்க." அவர் விரல் தம்ளரை முன்னால் நகர்த்தியது. ஒரு விரற்கடை. மறுபடி ஒரு விரற்கடை. சாவதற்குப் பயந்து ஆட்டுத்தலைச் சந்தில் தாண்டி நடந்த மனிதர், வரிசை பார்க்கிறது என்றதும் சாகத் தயாராகிவிட்டார்.

சொராய்தா சுற்றும் முற்றும் பார்த்தாள். ஊற்றினால் ஆள் போய்விடுவார். ஊற்றாவிட்டால் மானம் போய்விடும், அதோடு ஆளும் போய்விடுவார். காலடியில் அவளுடைய பிளாஸ்க் இருந்தது. சிறுநீரகக் கல்லுக்காக அவள் தினமும் காய்ச்சிக் குடிக்கிற குதிரைவால் செடிக் கஷாயம். சீனியும் கிடையாது, ருசியும் கிடையாது. ஜாரை நிமிர்த்தி, அதில் முக்கால்வாசியை ஊற்றினாள். செலரித் தண்டு ஒன்றைக் கிள்ளிப் போட்டு, மிக்ஸியை முழு வேகத்தில் வைத்தாள். சந்தைக் கூரை வரை சத்தம் போயிற்று.

ஜாரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, நுரை பொங்க, நிதானமாக, வரிசை முழுக்கப் பார்க்கிற மாதிரி ஊற்றினாள்.

எலியோதோரோ ஒரு வாய் குடித்தார். முகம் ஒரு பக்கமாகக் கோணியது. "இது என்ன?" என்றார் மெதுவாக.

"கொசுறு."

"கசக்குதே!"

"குடிங்க காசேரோ." இரண்டாவது ஊற்றினாள். "அட, உக்காருங்க," என்று மூன்றாவதும் ஊற்றினாள். அவள் கை பல நாளைக்குப் பிறகு நிலைகொண்டது. அவர் கண்ணில் தண்ணீர் வர வர எல்லாவற்றையும் குடித்தார். தம்ளரைக் கவிழ்த்து வைத்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, வரிசை முழுவதற்கும் கேட்கும் குரலில் சொன்னார்: "மேற்படி கொசுறு ஏற்கப்பட்டது."

மிக்ஸிகள் மறுபடி ஓடின. பெஞ்சில் தள்ளி உட்கார்ந்திருந்த குமாஸ்தா மறுபடி நெருங்கி வந்தான். பக்கத்துக் கடைக்காரி, பச்சையாக அது என்ன புது ஐட்டம் என்று தெரிந்துகொள்ளக் கழுத்தை நீட்டினாள். மறுநாளே தானும் அதைப் போடுவாள் என்று சொராய்தாவுக்குத் தெரியும். யெர்சன், 'கசப்பின் வழியே வியப்பு' என்று ஏதோ முனகிக்கொண்டு தாள் தேடினான். அவனைப் போய் எலுமிச்சை வாங்கி வரச் சொன்னாள்.

அன்றைக்குத்தான் சொராய்தா ரொம்ப நாளைக்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு மேடையில் சாய்ந்தாள். சாய்ந்தவள் நிமிர்ந்தாள். பாலாடைக்கட்டிக் கடைகளுக்கு அப்பால் ஒரு காக்கித் தொப்பி மிதந்து போய்க்கொண்டிருந்தது. வங்கிக் காவலாளி அன்செல்மோ. ஒரு கையால் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்திருந்தான், இன்னொரு கை பெல்ட்டில் இருந்தது.

சொராய்தா பிளாஸ்க்கை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். கொஞ்சம் மிச்சம் இருந்தது. இறங்கி, ஆட்டுத்தலைக் கடைகளைப் பார்த்து நடந்தாள்.